டீசல் உறிஞ்சு குழாயின் கழுத்தில் இருந்த வெடிப்பு: யான்மார் 2ஜிஎம்20 அனுபவம்

கோடை தோறும் எங்களை அலைக்கழித்த கோளாறுக்குக் காரணம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கனடாவின் நயாகரா-ஆன்-த-லேக் தொழிற்சாலையில் 1985இல் கட்டப்பட்ட எங்கள் சி அண்ட் சி 33 பாய்மரப் படகின் யான்மார் 2ஜிஎம்20 டீசல் எஞ்சின், தொட்டியில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கிய நிலையிலும் இப்போது சுருதி மாறாமல் ஓடுகிறது. தொட்டிக்குள் தொங்கும் உறிஞ்சு குழாயின் கழுத்தில், வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வெடிப்புத்தான் அத்தனைக்கும் மூலம். அதைத் தேடிப் பிடித்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே எஞ்சினை வைத்திருக்கும் பலர், இதே அறிகுறியைக் கண்டு நல்ல நிலையில் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்பை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்ச அழுத்தம் தரும் பம்பு) கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எஞ்சின் முதல் தொடுகையிலேயே பற்றிக்கொள்ளும். கால் மணி நேரம் குறையின்றி ஓடும். பிறகு வேகம் தானாக ஏறி இறங்கத் தொடங்கி, இரண்டு முறை இருமி, நின்றுவிடும். எரிபொருள் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினால், அதாவது ஏர் எடுத்துவிட்டால், மறுபடியும் கால் மணி நேரம் ஓடும். படகை நாங்கள் ஒன்டாரியோ ஏரிக்கரையில், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள பிளஃபர்ஸ் பார்க் துறையில் கட்டுகிறோம். அதன் வாயிலில் மணல் வந்து சேர்ந்து வழி குறுகுவதும், அவ்வப்போது தூர்வாருவதும் அங்கு படகு வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. கிழக்குக் காற்று எழுந்து அலை நேராக வாயிலில் மோதும் நேரத்தில், பிள்ளைகள் ஏறியிருக்கும் படகில் எஞ்சின் நின்றால் பாயை விரித்துச் சமாளிக்க அங்கே இடமே இல்லை. ஆகவே ‘ஓடும்வரை ஓடட்டும்’ என்று விட்டுவிடக்கூடிய கோளாறாக இதை நான் என்றுமே கருதவில்லை.

ஏர் எடுக்கும் வரிசையை இங்கே விரிக்கவில்லை. இரண்டு குறிப்புகள் மட்டும். தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் கைப்பிடி அசைந்தும் டீசல் வரவில்லை என்றால், பம்பை இயக்கும் கேம் (எஞ்சினோடு சுழலும் மேடு) அதை ஏற்கனவே மேலே தூக்கிவைத்திருக்கிறது என்று பொருள். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் நெம்புகளைத் தூக்கிவிட்டு எஞ்சினைக் கையால் சற்றுச் சுற்றினால் கைப்பிடிக்கு முழு வீச்சு கிடைக்கும். அடுத்தது, எஞ்சின் பற்றாமலே ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்ற வேண்டியிருந்தால் ஏரித் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிடுங்கள். வெளியே தள்ளப் புகை இல்லாத நிலையில் தண்ணீர் சைலன்சரை நிரப்பி, அங்கிருந்து சிலிண்டருக்கே ஏறிவிடும். எஞ்சின் பற்றியவுடன் வால்வைத் திறக்க மறக்கக்கூடாது.

ஆனால் ஏர் எடுப்பது காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதற்குச் சமம். காற்று எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. லிஃப்ட் பம்புக்கு அப்பால் டீசல் அழுத்தத்தில் இருப்பதால், அங்கே கசிவு இருந்தால் சொட்டும், துணியில் ஒட்டும், மணக்கும். தொட்டியிலிருந்து லிஃப்ட் பம்பு வரையுள்ள பகுதியோ எஞ்சின் ஓடும்போது உறிஞ்சலில் இருக்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் ஒரு துளியும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எங்கள் எஞ்சினின் அடித்தட்டு எப்போதும் உலர்ந்தே இருந்தது. ஆகவே தேட வேண்டிய இடம் உறிஞ்சல் பக்கம் என்பது தெளிவு. இதைக் கணக்கில் எடுக்காமல் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றச் சொன்ன ஒரு மெக்கானிக்கின் கருத்தை நான் ஏற்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பவை உறிஞ்சு குழாய், தொட்டி வால்வு, ஹோஸ், ரேகார் 500 வடிகட்டி, மறுபடியும் ஒரு ஹோஸ், அவ்வளவுதான். ரேகாரின் தலையில், உறிஞ்சலின் வலுவைக் காட்டும் ஒரு வெற்றிட அளவியைப் பொருத்தினேன். வடிகட்டியோ குழாயோ அடைத்திருந்தால் எஞ்சின் திணறும் நேரத்தில் முள் ஏற வேண்டும். எங்கள் எஞ்சின் இருமிக்கொண்டிருந்தபோதும் முள் பூச்சியத்தை விட்டு நகரவே இல்லை. அடைப்பு இல்லை, காற்றுதான் புகுகிறது என்பதை அந்தச் சிறு கருவி ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. பழைய டீசல் எஞ்சின் வைத்திருக்கும் எவரும் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு ரேகாருக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸை வைத்துப் பார்த்தேன். கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. அதே துண்டைத் தொட்டி வால்வுக்கும் ரேகாருக்கும் நடுவே மாற்றி வைத்தேன். குமிழிகள் அங்கும் ஓடின. ஆக, பலரும் முதலில் சந்தேகிக்கும் ரேகாரின் உள்வால்வுக் குண்டும் அதன் ரப்பரும் குற்றமற்றவை. தெளிவான ஹோஸ் சோதனைக்கு மட்டுமே உரியது. டீசல் பட்டால் அது நாளடைவில் இறுகி வெடிக்கும், தீயையும் தாங்காது. சோதனை முடிந்ததும் தீயைத் தாங்கும் ஏ1 முத்திரையுள்ள எரிபொருள் ஹோஸையே திரும்பப் பொருத்த வேண்டும்.

அடுத்து, சிறிய கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, புதிய ஹோஸ் ஒன்றின் வழியாக நேரே ரேகாருக்குக் கொடுத்தேன். படகைத் துறையில் நான்கு கயிற்றாலும் இறுக்கிக் கட்டி, கியரைப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடவிட்டேன். எஞ்சின் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பிறகு தொட்டி வால்வை மூடி, அவுட்போர்ட் எஞ்சின்களில் வரும் ரப்பர்ப் பந்தால் வால்வுக்கும் ரேகாருக்கும் இடைப்பட்ட ஹோஸில் மெல்லிய அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினேன். எங்கும் நுரை எழவில்லை. மிஞ்சியவை தொட்டி வால்வும், அதற்குக் கீழே தொட்டிக்குள் மறைந்திருக்கும் குழாயும் மட்டுமே.

இந்த இடத்தில்தான் மகள் எழுதிவரும் படகுப் பதிவேடு பெரும் துணையாக இருந்தது. எஞ்சின் நின்ற நாட்களுக்குப் பக்கத்திலேயே அவள் டீசல் மட்டத்தையும் குறித்துவைத்திருந்தாள். அக்டோபரில் படகைக் கரையேற்றும் முன், குளிரில் தொட்டிக்குள் ஈரம் படியாதிருக்க விளிம்புவரை டீசல் நிரப்புவது இங்கு வழக்கம். அதனால் மே மாதத்தில் தொட்டி நிறைந்திருக்கும், எஞ்சினும் நன்றாக ஓடும். ஜூலையில் மட்டம் பாதிக்கு இறங்கும், கோளாறு தொடங்கும். இலையுதிர் காலத்தில் மறுபடி நிரப்பியதும் எல்லாம் தானாகச் சரியானதுபோல் தோன்றும். ஓட்டை டீசலில் மூழ்கியிருக்கும்வரை அது டீசலைத்தான் உறிஞ்சும்; மட்டம் அதற்குக் கீழே இறங்கிய பிறகே காற்றை உறிஞ்சும். அந்தப் பக்கங்களைப் படித்தபோதே எனக்கு முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது.

குழாயைக் கழற்றி, வால்வோடு சேர்த்து அடிமுனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாகக் காற்றடித்தேன். மேல்தட்டோடு குழாய் பற்றவைக்கப்பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரே கோட்டில் குமிழிகள் எழுந்தன. கனத்த ஹோஸ் தாங்கலின்றி வால்வில் தொங்கியதும், எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தைக் களைக்கவைத்திருக்கின்றன என்றே கருதுகிறேன்.

புதிய குழாயைத் துருப்பிடிக்காத எஃகில் செய்வித்தேன். பழையது செம்பு, செம்பு பட்டால் டீசல் விரைவில் கெட்டுப்போகும். அடிமுனையைச் சாய்வாக வெட்டச் சொன்னேன்; தொட்டியின் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது. பழைய குழாயின் முனையில் இருந்த கம்பிவலையை இதில் வைக்கவில்லை. வலை அடைத்தால் தொட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும், ரேகார் அடைத்தால் நடு ஏரியிலேயே மாற்றிவிடலாம். ஹோஸுக்கும் இப்போது தனியாக ஒரு தாங்கல் கொடுத்திருக்கிறேன்.

எரிபொருள் இணைப்புகளில் கசிவை அடைக்கும் செம்பு வாஷர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை ஏர் எடுக்கும்போதும் புதியவை போடுவதே நல்லது. எஞ்சின் முகவரிடம் ஒன்றொன்றாக வாங்குவதைவிட, ஹைட்ராலிக் ஹோஸ் செய்து கொடுக்கும் கடையில் அதே மெட்ரிக் அளவில் மொத்தமாக வாங்குவது மிக மலிவு. அவசரத்துக்குப் பழையதையே சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி இளகி, ஒரு தடவைக்குத் தாங்கும். உறிஞ்சல் பக்கத்துப் பாஞ்சோ போல்ட்டுகளுக்கு (உள்ளே டீசல் ஓடும் துளையுள்ளவை) மட்டும் நடுவில் ரப்பர் வளையம் ஒட்டிய வாஷர்களை நான் விரும்புகிறேன்.

வேலை இன்னும் முடியவில்லை. தொட்டியின் அடியில் கருநிறக் கசடு படிந்திருக்கிறது. வலையில்லாத குழாய் அதை அலையில் நேரே ரேகாருக்குத்தான் அனுப்பும் என்பதால், கரையேற்றும் முன் தொட்டியின் மேல்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடியை வெட்டிப் பொருத்திக் கழுவ வேண்டும். அதற்குமுன் புகைக்குழாயில் தண்ணீர் கலக்கும் முழங்கையைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன். இந்த வகை யான்மார்களில் அது உள்ளே கரி படிந்து அடைப்பது வெகு சாதாரணம். அதன் போல்ட்டுகளுக்கு நேற்றே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்தேன், கேஸ்கெட்டுக்கும் சொல்லியிருக்கிறேன்.