இஷ்டமா, குடுத்தே ஆவணுமா?

"சாரே, இது எனக்க இஷ்டமா, இல்லெங்கி குடுத்தே ஆவணுமா?"

டிசம்பர் மாத மீளாய்வுக் கூட்டம் முடிந்து, களப்பணியாளர்கள் ஒவ்வொருவராகக் கவரை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி. "உங்க இஷ்டம்தான்" என்றேன். "அப்பம் இந்த மாசம் இல்ல சாரே, மூத்தவளுக்கு ஃபீஸ் கெட்டணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பிப் போனார். நடந்தது இவ்வளவுதான்.

கவர் என்றால் என்ன என்று தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கை அலுவலகச் செலவுக்கென்று நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுப்பது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திட்ட பட்ஜெட்டில் களப்பணியாளர் சம்பளம் 12,000. ஐந்தாம் தேதி முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். ஏழாம் தேதி கூட்டத்துக்கு வரும்போது அதில் 1,200 எடுத்துக் கவரில் கொண்டுவர வேண்டும். ஒன்பது பேருக்கு 10,800. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் என் பங்கு 2,500. மாதம் 13,300, வருஷத்துக்கு 1,59,600. அலுவலக வாடகை 90,000, மின்சாரமும் இணையமும் 24,000, தணிக்கைக் கட்டணம் 25,000. மிச்சம் 20,600 அச்சு, தபால், வங்கிக் கட்டணம், எந்தத் திட்டத்திலும் எழுத முடியாத பஸ் செலவு என்று கரைந்துவிடும். ஒரு ரூபாய்கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. வவுச்சர் ஒவ்வொன்றையும் நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள் மனசு உறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

கொடுத்ததற்கு, வருமான வரியில் கழிவு கேட்க உதவும் 80ஜி ரசீது உண்டு. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத ஒருவருக்கு அந்த ரசீதால் என்ன பயன்? அவருக்கு ஒன்றுமில்லை, பயன் நிறுவனத்துக்குத்தான். பெயர் இல்லாமல் பணம் வாங்கினால் அது அநாமதேய நன்கொடை ஆகிவிடும், வரம்பைத் தாண்டினால் 30 சதவீத வரி. பெயர் போட்டு, ரொக்கத்தில் 2,000 ரூபாய்க்குள் ரசீது போட்டால் கேள்வி வராது. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2021–22 கணக்கிலிருந்து நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள எண்ணையும் வருமான வரித் துறையின் 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்றவேண்டும் என்று வந்தபிறகு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிய ஆரம்பித்தது. ஒன்பது பேர், ஒரே தொகை, சம்பளப் பட்டியலில் உள்ள அதே ஒன்பது பெயர்கள். ஆடிட்டர் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இது என்ன சார்?" என்று கேட்டார். அடுத்த வாரம் செயலாளர் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொண்டுவந்தார்: 'மனமுவந்து அளித்த நன்கொடை.' ரசீதில் அதைக் குத்தியது நான்.

செயலாளரைக் குறை சொல்லி இதை எழுதி முடித்துவிடலாம். அது நியாயம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்த பிறகும் நம் கரைக்கு வந்த பணத்தில் நிறுவனங்கள் ஆள் கூட்டின, இடம் பிடித்தன. திட்டம் முடிந்ததும் பணம் நின்றது, வாடகை நிற்கவில்லை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும் பணத்தில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 2020 திருத்தத்தில் 20 ஆனது. அப்படி வரும் பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் அதே திருத்தம் தடை போட்டது. பெரிய நிறுவனம் மூலம் சின்னவர்களுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் அதோடு அடைபட்டது. மிச்சம் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று அவர்கள் ஒதுக்கும் பணம். அங்கே எல்லாரும் சொல்வது "நிர்வாகத்துக்கு 5 சதவீதம்தான், சட்டம் அப்படி." சட்டம் அப்படி இல்லை. 2021இல் திருத்திய விதியில் அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. களப்பணியாளர் உட்கார்ந்து பதிவேடு எழுதும் அறையின் வாடகையில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று நேரப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போட்டு, பட்ஜெட்டிலேயே ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டம் கைவிட்டுப் போகுமோ என்று பயந்தோம். கேட்கவே இல்லை. கம்பெனியிடம் கேட்கப் பயந்ததை, கேட்டால் மறுக்க முடியாதவர்களிடம் கேட்டோம்.

அதோடு முடியவில்லை. பணம் எப்படிச் செலவானது என்று கம்பெனிக்குக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றில் 'களப்பணியாளர் சம்பளம்: 9 பேர் × 12,000' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கையில் நின்றது 10,800. கொடுத்தது உண்மையிலேயே அவர்கள் இஷ்டம் என்றால் சான்று சரி. கட்டாயம் என்றால் வருஷத்துக்கு 1,29,600 ரூபாய்க்குப் பொய்க் கணக்கு. அந்த அம்மா கேட்ட கேள்வியில் இதுவும் இருந்தது. நான் சொன்ன பதில் அவருக்கான பதிலா, கணக்கைக் காப்பாற்றச் சொன்னதா?

செயலாளர் இதைப் பிடியரிசி என்பார். "நம்ம வீடுகள்ல அம்மைமாரு உலை வைக்கும்போ ஒரு பிடி அள்ளித் தனியா வைக்கல்லியா? அதுபோலத்தான்." ரொம்ப நாள் இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பிடியரிசியை அள்ளுவது அவரவர் அடுக்களையில். எவ்வளவு வைத்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. இல்லாத வாரம் வைக்காமல் விட்டால் யாரும் கேட்பதும் இல்லை. எங்கள் கவர், வேலையைத் தீர்மானிக்கிறவன் மேசைக்கு வந்தது, எல்லார் முன்னாலும், எல்லாருக்கும் ஒரே அளவில்.

உண்மையிலேயே விருப்பம் என்றால் அதற்கு ஏற்பாடு வேறு மாதிரி இருந்திருக்கும். கேட்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. பணம் அவரவர் கணக்கிலிருந்து நேராக நிறுவனக் கணக்குக்குப் போக வேண்டும். யார் கொடுத்தார், எவ்வளவு என்பது கணக்காளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எதற்குச் செலவாகிறது என்று கொடுத்தவர்களுக்கு வருஷம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். நிர்வாகக் குழுவின் மினிட் புத்தகத்தில் தீர்மானம் இருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எல்லாவற்றையும்விட, யாராவது ஒருவர் 'இல்லை' என்று சொல்லியும் வேலையில் நீடித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார்.

மார்ச்சில் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வந்தது, ஒன்பது பேருக்குப் பதில் ஏழு பேருக்கு. 50 மதிப்பெண்ணுக்கு மதிப்பீடு. குழுப் பதிவேடு 15, வீடு சந்திப்பு 15, அறிக்கை நேரத்துக்குத் தருவது 10, ஒத்துழைப்பு 10. அந்த அம்மாவுக்கு 36 வந்தது. ஏழாவது ஆளுக்கு 37.

அறிக்கை இரண்டு முறை தாமதம். அது உண்மை, தேதி போட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர், வாரக்கணக்கில் வரமாட்டார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் இவர் ஒருத்தர்தான். அதையும் நினைத்தே ஒன்றிரண்டு மதிப்பெண் கூடப் போட்டேன். பதிவேட்டில் அவர் கையெழுத்து மாதிரி சுத்தமாக வேறு யாருடையதும் இல்லை. ஆனால் ஒத்துழைப்புக் கட்டத்தில் 5. மற்ற எட்டுப் பேருக்கும் 7 அல்லது 8. ஏன் 5 என்று அந்தத் தாளில் எழுதவில்லை, எழுத இடமும் இல்லை. பதிவேட்டை எண்ணலாம், தேதியைச் சரிபார்க்கலாம். ஒத்துழைப்பை எதை வைத்து அளந்தேன்? மனசில் கவரை நினைத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை. டிசம்பருக்குப் பிறகு அவர் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பேசாமல் இருந்தார், அதுதான் மனசில் இருந்தது என்று நினைக்கிறேன். ஏன் பேசாமல் இருந்தார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. 7 போட்டிருந்தால் 38.

அப்படிப் போட்டிருந்தால் 37 எடுத்த இன்னொருவர் வெளியே போயிருப்பார், அவருக்கும் வீடு இருக்கிறது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, முழுசாகத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த அம்மாவுக்குக் கொடுத்த எட்டு மாத ரசீதுகளின் அடிக்கட்டை என்னிடம் இருக்கிறது. 9,600 ரூபாய். என் கையிலிருந்து கொடுத்தால் அது உதவி ஆகிவிடும், அவர் வாங்கவும் மாட்டார். நிறுவனம்தான் திருப்பித் தர வேண்டும், அதற்குக் குழுவின் தீர்மானம் வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். கணக்காளர் எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்கிறார். 'நன்கொடை திருப்பம்' என்றால் குழு கையெழுத்துப் போட்டுவிடும், பழைய சான்றுகளுக்கும் சேதமில்லை. 'சம்பள பாக்கி' என்று எழுதினால் மற்ற எட்டுப் பேரின் கவர்களையும், கம்பெனிக்குப் போன சான்றுகளையும், என் கையெழுத்தையும் சேர்த்தே திறக்க வேண்டிவரும். மனுவில் 'பொருள்' என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை. கூட்டம் வருகிற சனிக்கிழமை.