செம்பூர், மும்பை, மழைக்காலம்

ஜூன் 24

அப்பாவின் கண் அழுத்தம் இடது கண்ணில் 28, வலது கண்ணில் 25. பொதுவாக 21-க்குள் இருக்க வேண்டுமாம். கண்ணாடிக் கடையில் சமீபத்தில்தான் சோதித்து, "அங்கிளுக்கு நம்பர் மாறவே இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அது பொய்யும் இல்லை. இன்று டாக்டர் அறையிலும் அப்பா கீழ் வரிகள் வரை கடகடவென்று வாசித்தார். நடுப்பார்வை அப்படியே இருக்கிறது. போயிருப்பது ஓரம்.

ஜூன் 25

விடாத மழை. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 27

தூக்கம் வரவில்லை. எப்போது தொடங்கியது என்றே மனது தேடிக்கொண்டிருக்கிறது.

முதலில் லோக்கல் ரயில் நின்றது. கூட்டம் என்றார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அதே கூட்டத்தில் போய்வந்த மனிதர். ரிட்டயர் ஆனவர் எதற்கு இடிபட வேண்டும் என்று எங்களுக்கும் சரியாகவே பட்டது. அப்புறம் இருட்டிய பின் வெளியே போவது நின்றது. அதற்கு நாய்த்தொல்லை. அப்புறம் சேடா நகர் முருகன் கோயில். 108 படி, முட்டி வலி. இந்த வயதில் முட்டி வலிக்காதா? ஆனால் ஏறும்போது அவர் என்னை முந்திக்கொண்டு ஏறுவார். இறங்கும்போதுதான் கைப்பிடியை விடமாட்டார், ஒவ்வொரு படிக்கும் காலால் துழாவுவார். மேலே ஏறுகிறவருக்குப் படி கண்ணுக்கு நேரே இருக்கிறது. இறங்குகிறவருக்கு அது பார்வையின் கீழ் ஓரத்தில் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நல்ல காரணம் இருந்தது. கண் என்ற பேச்சு ஒன்றில்கூட வரவில்லை. "வயசாயிட்டுல்லா" என்று அவர் சொன்னார், நாங்களும் சொன்னோம், டாக்டரைத் தவிர எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 28

கீழ்வீட்டு அண்ணாச்சி இன்றும் என்னைப் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜூலை 1

அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "பார்வை போயிருந்தா எனக்குத் தெரியாதாம்மா? கருப்பால்லா தெரியணும்?"

பதில் சொல்லத் தெரியாமல் ராத்திரி ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளி வைத்தேன். இடையில் எட்டு சென்டிமீட்டர். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இடப்பக்கப் புள்ளியையே பார்க்க வேண்டும். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் வலப்பக்கப் புள்ளி காணாமல் போகிறது. கண்ணுக்குள் நரம்பு வெளியேறும் இடம் அது. அங்கே யாருக்கும் பார்வை கிடையாது. புள்ளி போன இடத்தில் எனக்குக் கருப்பு எதுவும் தெரியவில்லை, ஓட்டையும் தெரியவில்லை. சுத்தமான வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து அதையே நிரப்பிவிடுகிறது.

பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது, இன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவுக்கு அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? படியின் விளிம்பு இருக்கும் இடத்தில் அவருக்குச் சமதளமான சிமென்ட் தரை தெரிந்திருக்கும். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

காலையில் அவரையும் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். வேண்டாமா?

ஜூலை 3

ஃபீல்டு டெஸ்ட், ஓரப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் மாதிரி வளைந்த திரைக்குள் நேராகப் பார்க்கச் சொன்னார்கள். எங்கே சின்ன வெளிச்சம் வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்றேன். வெகு நேரம் பட்டன் சத்தமே இல்லை. வெளியே வந்ததும், "மெஷின் ரிப்பேரு. பாதி நேரம் ஒண்ணுமே வரலை" என்றார், அந்தப் பெண்ணிடம் கோபமாக. நல்ல கண்ணுக்கும் பல வெளிச்சங்கள் தெரியாத அளவுக்கு மங்கலாகத்தான் காட்டுவோம், பயப்படாதீங்க என்று அவள் ஹிந்தியில் ஆறுதல் சொன்னாள். முதல் தடவை பழக்கமில்லாமல் தப்பாக வரலாமாம். மறுபடி எடுக்க வேண்டும்.

தப்பாக வந்திருக்கட்டும் முருகா.

ஜூலை 5

தப்பாக வந்திருக்கட்டும்.

ஜூலை 9

தப்பு இல்லை. இரண்டு கண்ணின் ஃபீல்டு டெஸ்ட் தாளிலும் கீழ்ப்பாதி கருத்துக் கிடக்கிறது, இடது கண்ணில் இன்னும் மோசம். க்ளாக்கோமா, கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் வியாதி. போன நரம்பு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னது நல்லதுதான். ராத்திரி ஒரு சொட்டு, விட்டதும் இமையை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மருந்து மூக்குக்குள் இறங்கிவிடும். பாட்டிலைத் திறந்த தேதியை அதிலேயே எழுதி வைக்கச் சொன்னார். மூச்சிரைப்பு உண்டா என்று இரண்டு தரம் கேட்டார். இந்த வியாதிக்குத் தரும் சில சொட்டுகள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாதாம்.

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்காசியில் அத்தை. இங்கே நான்.

ஜூலை 10

அம்மாவைக் கவனித்தேன். டம்ளரை ஸ்டூலில் வைப்பதில்லை, அப்பா கையில் கொடுக்கிறாள். செருப்பைக் கதவோரம் ஒதுக்குகிறாள். தெருவில் பள்ளம் வந்தால் பேச்சை நிறுத்தாமலே அவர் முழங்கையைத் தொடுகிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அவுக டம்ளரத் தட்டிவிட்டுட்டே இருந்தாக. பராக்குப் பாக்கற மனுசன்னு கையில குடுக்க ஆரம்பிச்சேன்." அவளுக்கே நினைவில்லை. இத்தனை அன்பாக ஒரு வீடு தாங்கிக்கொண்டால் தாங்கப்படுகிறவருக்குக் குறை எப்படித் தெரியும்?

ஜூலை 14

மாடிப்படி பல்பு மறுபடி போய்விட்டது. படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடிக்கலாம், செலவை நானே ஏற்கிறேன் என்றேன். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்கிறார்கள் சொசைட்டியில். இந்தக் கட்டடத்தில் 60 தாண்டியவர்கள் எத்தனை பேர்! மங்கலான வெளிச்சத்தில், சாம்பல் நிறத் தரையில், சாம்பல் நிறப் படி. ரயில்வே பிளாட்பார விளிம்பில் மஞ்சள் கோடு போடுகிறார்களே, அழகுக்கா? ரொம்பக் கோபமாக வருகிறது. மஞ்சள் டேப்பாவது நாளைக்கு வாங்கி ஒட்டிவிடுவேன்.

ஜூலை 15

ஒட்டிவிட்டேன்.

ஜூலை 19

சொட்டு வேண்டாம் என்கிறார். "ஒரு வித்தியாசமும் தெரியலையே." தெரியாதுதான். மருந்து வேலை செய்தாலும் தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது. சென்னை, மதுரைப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சோதித்த ஆய்வுகளில், க்ளாக்கோமா இருந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் அதுவரை அது தெரியாமலே இருந்திருக்கிறார்கள். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அத்தன பேரும் முட்டி வலின்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றார். சொட்டுக்குத் தலையைப் பின்னால் சாய்த்தார்.

ஜூலை 22

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கேட்டருகே தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அப்பாவுக்குத் தெரியவே மாட்டார், கருத்துக் கிடக்கிற பாதியில்தான் இருப்பார் என்று அந்தத் தாளையே காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "கையத் தூக்கி வணக்கம் வச்சேன் பாப்பா. மிதிக்காத குறையாத் தாண்டிப் போனாரு."

மேலே வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் திகைத்துப்போனார். "அவருல்லா என்கிட்டப் பேசறத நிப்பாட்டுனாரு?"

ஒரே கேட், ஒரே மாடிப்படி. இருவருமே மற்றவர்தான் விலகினார் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். கண் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

ஜூலை 24

அண்ணாச்சி வரவில்லை. அப்பாவும் போகவில்லை.

ஜூலை 26

அத்தையிடம் சண்டை. "ஊசியில நூல் கோக்கேன், எனக்கு என்ன கேடு?" நூல் கோர்ப்பது நடுப்பார்வை. அப்பாவும் கீழ் வரி வரை வாசித்தவர்தான். திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார் என்றால், மழை விடட்டும், ஆடி முடியட்டும், முட்டி வலி என்கிறாள்.

முட்டி வலி!

ஜூலை 29

அப்பாவும் அண்ணாச்சியும் கேட்டில் நின்று பேசுகிறார்கள். எதைப் பற்றி என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

ஜூலை 30

எனக்கு நாளை 11 மணிக்கு. கண்ணைப் பெரிதாக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும், ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அம்மா கூட வருகிறேன் என்கிறாள். அதற்கு முன்னால் அத்தைக்கு இன்னொரு தரம் போன் போட வேண்டும்.