முதற்பனியில் மலையேறுமுன்

ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் கச்சான் வீசும்போது உதடு வெடித்து, கிணற்றடி மண்கூடக் காய்ந்துபோவதை அனுபவித்தவர்களுக்குச் சுவிற்சர்லாந்தின் மலைக்காற்றை விளங்கிக்கொள்வது கடினமல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு சூடேறிக் கிழக்கே இறங்குவதுதான் கச்சான். ஆல்ப்ஸ் மலைத்தொடரைத் தெற்கிலிருந்து தாண்டி வடபுறப் பள்ளத்தாக்குகளில் இறங்கும் காற்றும் அதே விதமாகவே உருவாகிறது. ஆனால் அது முகடுகளில் கிடக்கும் பனியை வாரிச்சென்று, மறுபுறச் சரிவுகளில் இறுகிய பாளங்களாகப் படியவைக்கிறது.

இம்முறை விடுமுறைக்கு மட்டக்களப்பிலுள்ள கல்லடிக்கு வந்திருந்தபோது, கார்த்திகையில் சுவிற்சர்லாந்துக்கு என்னிடம் வந்து சேரவிருக்கும் அக்காவின் மகன், "மாமா, தொடக்கத்தில பனி கொஞ்சமாத்தானே கிடக்கும், பிறகென்ன பயம்?" என்று கேட்டான். பனிச்சரிவு ஆபத்தே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது என்பதை அவனுக்கு ஆறுதலாக விளக்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் பெய்யும் முதற்பனி, வெயில் படாத உயர்ந்த வடக்குச் சரிவுகளில் உருகாமல் மெல்லிய படையாகத் தங்கிவிடுகிறது. அதன் அடியில் நிலம் ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்க, முகில் இல்லாத இரவுகளில் மேற்பரப்பு மிகக் கடுமையாகக் குளிர்ந்துவிடும். படை மெல்லியதாக இருப்பதால் இவ்வளவு பெரிய வேறுபாடும் குறுகிய இடைவெளிக்குள் அடங்க, நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பளிங்குகளாக மாற்றிவிடுகிறது. தடித்த பனியில் இம்மாற்றம் மெதுவாகவே நடக்கும். பின்னர் ஒரு புயல் புதுப்பனியையும் காற்றுப் பாளத்தையும் அதன்மேல் ஏற்றிவிட்டால், ஒரு மனிதனின் நிறையே அடியிலுள்ள அந்தப் படையை உடைத்துப் பனிச்சரிவைக் கிளப்பப் போதும். காலடியில் மந்தமான ஓசையோடு பனி அமிழ்ந்தாலோ விரிசல் ஓடினாலோ, 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் நிற்கக்கூடாது. மலையேறிகளில் பனிச்சரிவில் சிக்குவோர் பெரும்பாலும் தாமோ தம் கூட்டாளிகளோ கிளப்பிய பனிச்சரிவிலேயே சிக்குகிறார்கள்.

டாவோஸ் நகரிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அறிவித்தல் வெளியிடுகிறது. ஆபத்து 5 நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. 3 நடுவில் இருப்பதால் மிதமானதென்று எண்ணுவது பெருந்தவறு, ஏனெனில் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையிலேயே நேர்கிறது. பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனிக்குக் கீழே பாறைகளும், பனியாறுகளில் மூடுண்ட வெடிப்புகளும் மறைந்திருக்கும்.

புதையுண்டவர் உயிர்தப்பும் வாய்ப்பு முதல் கால்மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடுவதால், 1414 என்ற இலக்கத்தில் உலங்குவானூர்தியை அழைத்தாலும், உடன் சென்றவர்களே தேடுகருவி, துழாவுகோல், மண்வெட்டி ஆகியவற்றோடு உடனே தேடத் தொடங்க வேண்டும். ஆகவே அவன் முதற் குளிர்காலத்தில் இளஞ்சிவப்புப் பலகைகள் காட்டும் திறந்த பாதைகளில் மட்டும் நடப்பதென்றும், இக்கருவிகளைக் கையாளப் பயிற்சி பெற்ற பிறகே அவற்றுக்கு அப்பால் செல்வதென்றும் நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம்.