அரை மில்லிசெகண்ட் ஃபங்ஷன் 30 செகண்ட சாப்பிட்ட கதை

போன மாசம் ஆஃபீஸ்ல ஒரு ரிப்போர்ட் ஸ்க்ரிப்ட் என் கைக்கு வந்துச்சு, பைத்தான்ல எழுதுனது, ஓட விட்டா 40 செகண்ட் இழுக்கும். ஆரம்பத்துல இவ்ளோ ஆகாதாம், டேட்டா ஏற ஏற இப்படி ஆயிருச்சு. எல்லாரும் கை காட்டுனது டேட்டாபேஸ் பக்கம்தான், குவெரி (டேட்டாபேஸ்கிட்ட டேட்டா கேக்கறது) ஸ்லோ, சீக்கிரம் தேட இண்டெக்ஸ் போடுன்னு. எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனா அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி எந்த ஃபங்ஷன் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்து பாத்துரலாம்னு தோணுச்சு, அப்படி எழுத ஆரம்பிச்சதுதான் இந்த குட்டி லைப்ரரி. ஒரே ஃபைல், 100 வரிக்குள்ள, வேற எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

ஃபங்ஷன் தலையில ஒரு டெக்கரேட்டர், அதாவது ஃபங்ஷன சுத்தி கூடுதல் வேலை சேக்கற ஒரு வரி, போட்டா போதும். உள்ள போறப்ப கடிகாரத்த ஒரு தடவை பாக்கும், வெளிய வர்றப்ப இன்னொரு தடவை, கழிச்சா நேரம். எர்ரர் அடிச்சு பாதியிலயே வெளிய வந்தாலும் கணக்கு விட்டுப்போகக் கூடாதுன்னு ரெண்டாவது தடவை பாக்கறத ஃபைனலி பிளாக்குல வச்சிருக்கேன்.

மொத வெர்ஷன் ஒவ்வொரு காலுக்கும், அதாவது ஃபங்ஷன கூப்புடற ஒவ்வொரு தடவையும், ஒரு வரி பிரிண்ட் பண்ணுச்சு. டெர்மினல் நிக்காம ஓடுது, எல்லா வரியிலயும் 0.0005, 0.0005, 0.0005. அரை மில்லிசெகண்டு. அதைப் பாத்து யாருக்குங்க சந்தேகம் வரும்? போதாததுக்கு அந்த பிரிண்ட்டே நேரத்த தின்னுட்டு இருந்துச்சு. அப்புறம்தான் பிரிண்ட எடுத்துட்டு ஒரு டிக்‌ஷனரில எத்தன தடவை கூப்புட்டாங்க, மொத்தம் எவ்ளோ, அதிகபட்சம் எவ்ளோன்னு சேத்து வச்சு ப்ரோக்ராம் முடியறப்ப மட்டும் காட்டற மாதிரி மாத்துனேன். குவெரி 1 தடவை, 2 செகண்ட். அடுத்த வரி, இந்த ஐடி ஏற்கனவே வந்திருக்கான்னு செக் பண்ற ஒரு சின்ன ஃபங்ஷன், 60,000 தடவை, மொத்தம் 31 செகண்ட்!

திறந்து பாத்தா உள்ள ஒரே வரி. 20,000 ஐடி இருக்கற லிஸ்ட்ல "இன்" போட்டு தேடுது. லிஸ்ட்ல தேடுனா முதல்லருந்து ஒவ்வொண்ணா ஒப்பிட்டுட்டே போகும், ஐடி இல்லேன்னா கடைசி வரைக்கும் போய்ட்டுத்தான் இல்லேன்னு சொல்லும். லிஸ்ட்ட செட்டா மாத்துனேன், அது ஹேஷ் (ஐடியிலருந்து கணக்குப் போட்டு எடுக்கற நம்பர்) வச்சு நேரா அந்த இடத்துக்கே போயிரும், 31 செகண்ட் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இண்டெக்ஸ் பக்கமே போகல. அதனாலதான் சொல்றேன், ஒரு காலுக்கு எவ்ளோங்கறத மட்டும் பாக்காதீங்க, எத்தன கால்ங்கறதையும் சேத்துப் பாருங்க.

எந்த கடிகாரம்ங்கறதுலயும் கவனம் வேணும். நிறைய பேர் டைம் டாட் டைம் தான் போடறாங்க. அது செவுத்துல மாட்டுன கடிகாரம் மாதிரி, சிஸ்டம் நேரத்த என்டிபி (நெட்வொர்க் வழியா கடிகாரத்த சரி பண்றது) திருத்துனா அதுவும் நகரும், நடுவுல பின்னாடி போச்சுன்னா விடை மைனஸ்ல கூட வரும். பைத்தான் 3.3லருந்தே பெர்ஃப் கவுண்டர் இருக்கு, அது பின்னாடி போகவே போகாது, சின்ன இடைவெளிய அளக்கறதுக்குன்னே குடுத்தது. 3.7ல நானோசெகண்ட முழு எண்ணாவே குடுக்கற வெர்ஷனும் வந்துருச்சு, நான் அதைத்தான் போட்டிருக்கேன். சிபியு வேலை செஞ்ச நேரம் மட்டும் போதும்னா ப்ராசஸ் டைம் இருக்கு, ஸ்லீப்ல இருந்தத அது சேக்காது.

அசிங்க் ஃபங்ஷன் (காத்திருக்கற நேரத்துல மத்த வேலைக்கு வழி விடறது) மேல சாதா டெக்கரேட்டர போட்டுட்டு, அட நம்ம ஏபிஐ கால் மைக்ரோசெகண்ட்ல முடியுதேன்னு சந்தோஷப்பட்டுறாதீங்க. அங்க அளக்கறது கோரூட்டின் ஆப்ஜெக்ட் (இன்னும் ஓட ஆரம்பிக்காத வேலை) உருவான நேரம்தான், வேலை அவெய்ட் பண்றப்பதான் நடக்குது. மதிப்புகள கேக்கக் கேக்க ஒவ்வொண்ணா குடுக்கற ஜெனரேட்டருக்கும் இதே கததான். அசிங்க்குக்கு தனி ராப்பர் எழுதிட்டேன், ஜெனரேட்டருக்கு இன்னும் எழுதல.

ரெண்டு வரி கோடுல எது வேகம்னு ஒப்பிடணும்னா இத எடுக்காதீங்க, பைத்தான் கூடவே வர்ற டைம்இட் இருக்கு. ஒண்ணும் சொல்லலேன்னா 10 லட்சம் தடவை ஓட்டும், அளக்கறப்ப கார்பேஜ் கலெக்டர (தேவையில்லாத மெமரிய காலி பண்றது) நிறுத்தி வைக்கும். ரிப்பீட் போட்டு இதையே பல தடவை அளந்தா வர்ற நம்பர்கள்ல சராசரி எடுக்காம குறைஞ்சதப் பாருங்க, கூடுதலா வர்றது பெரும்பாலும் மிஷின்ல ஓடற மத்த ப்ராசஸோட தொந்தரவுதான்.

டெக்கரேட்டருக்கும் ஒரு செலவு இருக்கு, ஒவ்வொரு காலுக்கும் கூட ஒரு ஃபங்ஷன் கால். லட்சக்கணக்குல கூப்புடற எடத்துல அது நல்லாவே தெரியும். அதனால ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோக்ராமுக்கு வெளியிலருந்து குடுக்கற செட்டிங்) வச்சிருக்கேன், அது செட் ஆகலேன்னா டெக்கரேட்டர் எதையும் சுத்தாம வந்த ஃபங்ஷன அப்படியே திருப்பிக் குடுத்துரும். ப்ரொடக்‌ஷன்ல அப்படித்தான் ஓடிட்டு இருக்கு.