மூணு 'தி திங்', ஒரு வாரம்

மார்ச் 8, சனி ராத்திரி

2011ல வந்த 'தி திங்' படத்த இன்னிக்குத்தான் முழுசா பாத்தேன். ஜான் கார்பென்டர் எடுத்த 1982 'தி திங்' மேல இருக்கற பாசத்துலயே இத்தன வருஷம் தள்ளிப் போட்டுட்டேன். சரியா சொன்னா இது ரீமேக் இல்ல, முன்கதை. 82 படத்தோட ஆரம்பத்துல ஹெலிகாப்டர்ல ஒரு நாயைத் துரத்திட்டு வருவாங்களே, அந்த நார்வேக்காரங்க முகாம்ல என்ன நடந்துச்சுங்கறதுதான் கதை. ஆனா பேரும் அதே, அன்டார்டிகாவும் அதே, யாரு மனுஷன், யாரு மனுஷன் மாதிரி மாறின வேற்றுகிரக ஜந்துன்னு கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட்டும் அதே மாதிரி வருது, அதனால பாத்தவங்க பாதிப் பேரு ரீமேக்னுதான் பேசறாங்க, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

பல்லுல டார்ச் அடிச்சுப் பாக்கற சீன் அருமை. அந்த ஜந்துவால உலோகத்த காப்பி பண்ண முடியாது, அதனால பல் அடைச்சவன் மனுஷன், அடைக்காதவன் மேல சந்தேகம். பல்லைப் பத்திரமா வெச்சிருந்தவன் மாட்டிக்கறான் பாருங்க, அது புதுசு. மத்தபடி ஜந்து வெளிய வந்ததும் பயம் போயிடுச்சு.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் சண்ட. "நீ 82 படத்த சின்ன வயசுல பாத்துட்ட, அதான் அது ஒசத்தியாத் தெரியுது. 2011 படத்த மொதல்ல பாத்தவனக் கேளு, அவன் அதத்தான் நல்லாருக்குன்னு சொல்லுவான்"னான். பதில் சொல்ல முடியல, ஏன்னா அதுல உண்மை இருக்கு.

82ல நடந்ததும் அதானே. ஜூன் 25ஆம் தேதி, 'பிளேட் ரன்னர்' வந்த அதே நாள்ல ரிலீஸ், ரெண்டு வாரம் முன்னாடிதான் 'இ.டி.' வந்து எல்லாரும் நல்ல வேற்றுகிரகவாசி மேல உருகிட்டு இருந்தாங்க. விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, ஒரே ரத்தம், அருவருப்பு, இதே கதைய வெச்சு முன்னாடியே வந்த 1951 படம் மாதிரி வருமான்னு. என்னியோ மோரிகோனே போட்ட இசைய மோசமான படங்களுக்குக் குடுக்கற ராஸி விருதுக்கு நாமினேட் பண்ணாங்க! இன்னிக்கு அந்த 'டும்... டும்...' கேட்டாலே எனக்கு முதுகு சில்லிடுது.

மார்ச் 11, செவ்வாய்

அப்ப 51 படத்தயும் நேர்மையாப் பாத்துடணும்னு உக்காந்தேன். கறுப்பு வெள்ளை, வட துருவம், ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பு. பனிக்கு அடியில ஏதோ ஒண்ணு புதைஞ்சு கெடக்கு, அதோட விளிம்பு எங்கன்னு பாக்க ஆளுக்கு ஒரு பக்கமா நடந்து போய் கையை விரிச்சு நிக்கறாங்க, நின்னதுக்கப்புறம்தான் அவங்களுக்கே தெரியுது, வட்டமா நிக்கறோம்னு. எவ்ளோ பிரமாதமான சீன்! கார்பென்டர் இத மறக்கல, 82ல நார்வேக்காரங்க எடுத்த வீடியோவுல அதே மாதிரி ஆளுங்க பனியில பரவி நிப்பாங்க.

ஆனா 51ல வர்ற ஜந்து ஒரு செடி வகை, உயரமான ஆளு, கதவத் தொறந்தா நிக்கும். அடிப்படையான 1938 கதையில, ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் எழுதினது, அது யாரு மாதிரி வேணும்னாலும் மாறும். 51 படம் அந்தப் பயத்தயே விட்டுடுச்சு, 82 படம் பழைய படத்தத் தாண்டிப் போய் கதையில இருந்து அத எடுத்துக்கிச்சு. ரீமேக்னா இதுக்குத்தான் எடுக்கணும், முன்னாடி எடுத்தவங்க தொடாம விட்டத தொடறதுக்கு. 2011 படம் 82 தொட்டதயே திரும்பத் தொடுது.

மார்ச் 14, வெள்ளி

82 படத்துல யாரு ஜந்துன்னு கண்டுபிடிக்கற ரத்த டெஸ்ட் சீன மட்டும் மறுபடி பாத்தேன். ஆளுங்கள கட்டி வெச்சிருக்கு, தட்டுல ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம், கம்பியை நெருப்புல காட்டி ரத்தத்துல வெச்சா 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். மறுபடி ஸ்ஸ். முகாம் ஆளு பால்மரோட ரத்தத்துல வைக்கறப்ப ஹீரோ கர்ட் ரஸ்ஸல் கேரிங்கற இன்னொரு ஆளுகிட்ட பேசிட்டு இருக்காரு, தட்டப் பாக்கவே இல்ல, நம்மளும் அவரு மூஞ்சியத்தான் பாக்கறோம், அப்ப துள்ளுது அந்த ரத்தம்.

அந்த ஜந்துகள கையால செஞ்ச ராப் பாட்டினுக்கு அப்ப 22 வயசு. 2011லயும் கையால பொம்மை செஞ்சாங்க, கடைசில பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வெச்சு மூடிட்டாங்க. செஞ்சவங்கள நெனச்சா வயிறு எரியுது.

மார்ச் 15, சனி

அண்ணன் சொன்னத சோதிச்சே பாத்துட்டேன். சித்தி பையன் எதையும் பாத்ததில்ல, அவனுக்கு மொதல்ல 2011, அப்புறம் 82. முதல் படத்துக்கு நல்லாத் துள்ளினான், நடுநடுவுல போனும் பாத்தான், "செம"ன்னான். அண்ணன் ஜெயிச்சுட்டான்னு நெனச்சேன்.

82ல அந்த நாய் காரிடார்ல தனியா நடந்து போகும், ஒரு ரூம் வாசல்ல நின்னு உள்ள பாக்கும், சுவத்துல ஒரு ஆளோட நிழல் திரும்பும். ரத்தமும் இல்ல, கத்தலும் இல்ல. பையன் போனக் கவுத்து வெச்சுட்டான். "ண்ணா, நாய் ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு?"

படம் முடிஞ்சும் விடல. கடைசில நெருப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கற ரெண்டு பேருல சைல்ட்ஸ் மனுஷனா இல்லையா, அவரு வாயில இருந்து மூச்சுப் புகை வரலயேன்னு கேக்கறான். ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணி மூஞ்சிய டிவி கிட்ட வெச்சுப் பாத்தோம். லேசா வருதுன்னு நான் சொல்றேன், வரவே இல்லைங்கறான் அவன், மணி ஒண்ணரை.