லென்ஸை நகர்த்துங்கள், கோதைநாயகி வருகிறார்

எங்கள் வீட்டு டிரை கேபினெட், அதாவது உள்ளே ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் அலமாரி, என் கணவர் தன் கேமரா லென்ஸ்களுக்காக வாங்கியது. இன்றைக்கு அதன் மேல்தட்டில் மட்டும்தான் லென்ஸ் இருக்கிறது. கீழே மிச்சத் தட்டுகளில் எல்லாம் பழைய நாவல்களாக வை.மு. கோதைநாயகி அம்மாள் குடியேறிவிட்டார். லென்ஸை ஒதுக்கியதில்கூடக் கணவருக்கு வருத்தமில்லை. ஈரப்பதத்தை மாற்றியதில்தான் தகராறு. லென்ஸுக்கு 40 சதவீதம் என்பார் அவர். அவ்வளவு உலர்ந்தால் பழைய தாள் முறுகிப்போகும், 50 வேண்டும் என்பேன் நான். ராத்திரி படுக்கப் போகும்முன் அவர் 42க்கு இறக்குவார், காலையில் நான் 50க்கு ஏற்றுவேன். வெளிக்காற்றில் 80க்கு மேல் ஈரம் மிதக்கிற சிங்கப்பூரில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

வை.மு.கோ. யார் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. இவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்ததுதான் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகம். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, அதில் 'வைதேகி' நாவலைத் தொடராக விட்டார். அப்புறம் கை நிற்கவே இல்லை. மொத்தம் 115 நாவல்கள். காதல், குடும்பம், துப்பறிதல், தேசபக்தி எதையும் விடவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் 1932இல் சிறைக்குப் போனவர், அங்கே போயும் நாவல் எழுதினார். பத்மினி நடித்த 'சித்தி' படம் பார்த்திருப்பீர்கள், 1966இல் வந்தது. அந்தக் கதை இவருடைய 'தயாநிதி' நாவல். இவரோ 1960இலேயே காலமாகிவிட்டார்.

இத்தனை எழுதியவரின் பழைய பதிப்பு ஏன் கைக்கு அகப்படுவதில்லை என்றால், படித்தே தீர்த்துவிட்டார்கள். தத்துவ நூல் என்றால் அலமாரியில் 80 வருஷம் மடிப்புக் கலையாமல் தூங்கும். காதல் நாவலுக்கு அந்த யோகம் கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போய், அதற்கடுத்த வீட்டுக்குப் போய், அட்டை போய், தலைப்புப் பக்கம் போய், கடைசி அத்தியாயமும் போய்தான் திரும்பி வரும், வந்தால். தப்பியதை மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் பழுப்பாக்கும், தைத்த கம்பி துருவேறித் தின்னும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். சென்னையில் பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தும் போனது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் மாதிரி ஒருவர் நாவல், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் கழிக்காமல் சேர்த்து வைத்ததால், அதிலிருந்து சென்னையில் ஒரு நூலகமே உருவானது. அவர் வீட்டில் ஈரப்பதத்தை யாரும் 42க்கு இறக்கியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் தேடுவது தனிக்கதை. பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு 'திருட்டுச் சந்தை'யை 2017இல் மூடிவிட்டார்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் என்று கேட்டால் சமையல் புத்தகத்தை நீட்டுவார்கள். பழைய பேப்பர், சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த வண்டியில் எந்தக் கோதைநாயகி எடைக்குப் போகிறாரோ என்று எனக்கு வயிறு கலங்கும். மிச்சம் இருப்பது பழைய பொருள்களைப் போனிலேயே விற்று வாங்கும் கெரோசல் ஆப்தான்.

அதில்தான் அது வந்தது. "விண்டேஜ் இந்தியன் பிரேயர் புக், நைஸ் ஃபார் கஃபே டெக்கோ, 20 டாலர்." படத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பித் தொலைத்தது. கடைசியில் போனை மேசையில் வைத்துவிட்டு நான் சுற்றிப் போய் நின்று பார்த்தேன். 'ஜகன்மோ' வரைக்கும் தெரிந்தது. 'கினி'யின் மேல் விற்பவரின் கட்டைவிரல்.

ஆவலைக் காட்டினால் விலை ஏறும் என்பது சேகரிப்பவர்களின் பாலபாடம். "கஃபே அலங்காரத்துக்குத்தான், 15க்கு வருமா?" என்று கேட்டேன். "கேன் லா" என்று பதில் வந்தது. சனிக்கிழமை, ஃபேரர் பார்க் எம்ஆர்டி, டிக்கெட் கேட் பக்கம்.

போனால் அங்கே எனக்கு முன்னால் ஒரு பாட்டி நிற்கிறார். சுங்குடிச் சேலை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ, பக்கத்தில் போனைப் பார்த்தபடி பேத்தி. விற்பவர் ஒரு சீன இளைஞர், காலி செய்யும் வீடுகளில் பழைய சாமான் எடுப்பவராம். தள்ளுவண்டியில் ஒரு தையல் மெஷின், இரண்டு மின்விசிறி, மேலே ஒரு ப்ளாஸ்டிக் பையில் என் புத்தகம். "திஸ் ஆன்ட்டி ஆல்சோ வாண்ட். யூ டூ டிஸ்கஸ் ஃபர்ஸ்ட், ஐ பை கோப்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கஃபே வச்சிருக்கியாமே, எங்கம்மா?"

"கஃபே எல்லாம் இல்ல பாட்டி. விலை கொறையட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்."

"எவ்வளவுக்கு முடிச்ச?"

"பதினஞ்சு."

"நான் சாமி புஸ்தகம், வீட்ல வச்சுக் கும்பிடணும்னு சொல்லச் சொன்னேன். பன்னெண்டு."

பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

சரி, முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று பையைப் பிரித்தோம். முழுப் புத்தகம் இல்லை, பல மாத இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த பைண்டு. முதுகில் சிவப்புக் கலிக்கோ துணி. அட்டைக்கு மேல் பழைய தமிழ் முரசு தாளில் உறை. எனக்கு அந்த உறைக்கே 15 டாலர் கொடுக்கலாம் போலிருந்தது. முன்தாளில் ஏதோ ஒரு வாசகசாலையின் ஊதா முத்திரை, பேர் அழிந்து 'சாலை, சிங்கப்பூர்' மட்டும் மிச்சம். அதன் கீழே பென்சிலில் யாரோ தோபிக் கணக்கு எழுதியிருந்தார்கள்: வேட்டி 4, சட்டை 6, படுக்கை விரிப்பு 2. படுக்கை விரிப்பு ஒன்று திரும்பி வரவில்லை போல, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தலைப்புப் பக்கம் இல்லை. எந்த நாவல் என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துத் தொட்டு, சரக்கென்று பக்கத்தைப் புரட்டினார்.

"பாட்டி! எச்சில்!"

"எச்சில் தொடாம எப்படிம்மா புரட்டுறது? அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான்."

பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் அந்தக் காலத்து எல்லாரும் பழுப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டியின் கதையை அப்போதுதான் கேட்டேன். கும்பகோணத்துப் பக்கம். அம்மா ஜகன்மோகினிக்குச் சந்தா கட்டியவர். இதழ் வந்ததும் தெருப் பெண்கள் கூடுவார்கள், எழுத்துத் தெரிந்த இவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கல்யாணமாகி ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தபோது ஒரு தொடர் பாதியில் நின்றுபோனது. "அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்கம்மாவுக்குக் கடுதாசி போட்டுக் கேட்டேன். மாமனார் எப்படி இருக்கார், கொழந்த எப்படி இருக்குன்னு எழுதுச்சே தவிர கதைய எழுதல."

"அந்தக் கதைதானா இது?"

இன்னும் இரண்டு பக்கம் எச்சில் தொட்டுப் புரட்டினார். "இது இல்ல. பரவாயில்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கும்."

இதற்குமேல் நான் என்ன வாதாடுவது? இளைஞர் கோப்பியோடு வந்து சேர்ந்தார். "லெலோங் லா, டென் டாலர்" என்று அவரே இறங்கினார். ஆளுக்கு ஐந்து போட்டு வாங்கினோம். முதலில் பாட்டி படிப்பது, அப்புறம் என் கேபினெட்டுக்கு வருவது என்று பேச்சு. ஜிப்லாக் பை, சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் கொடுத்து, கை கழுவித் துடைத்துவிட்டுத் தொட வேண்டும், மூலை மடிக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, சாப்பிடும்போது கிட்டேயே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். "மொதப் பேரனக் கையில குடுத்தப்போகூட என் மருமக இத்தன சொல்லலம்மா" என்றார் பாட்டி.

புதன்கிழமை பேத்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசை. விரித்த புத்தகத்தின் மேல் பாட்டியின் கண்ணாடி. இந்தப் பக்கம் முறுக்கு டப்பா, அந்தப் பக்கம் மைலோ. நான் படத்தைப் பெரிதாக்கினேன். கிழிந்திருந்த ஒரு பக்கத்தில் குறுக்காகப் பளபளவென்று செல்லோடேப்.

பழைய தாள் சேர்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: டேப்பின் பசை நாளாக நாளாகத் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி நிரந்தரக் கறையாகும், பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். நான் படத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முறுக்கு நல்லா செவந்திருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விட்டேன். போனதும் பாட்டி சொன்னது, "எழுத்து விட்டுப்போன எடத்துலல்லாம் பேனாவுல எழுதி வச்சிருக்கேன், அடுத்தவங்க படிக்கணும்ல." நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் புத்தகத்துக்கு நடுவே அடையாளத்துக்காகச் செருகியிருந்த அந்தச் சின்னத் தாளைப் பார்த்தேன்.

மணியார்டர் ரசீது. பாட்டியின் அம்மா சந்தா அனுப்பியபோது, பணம் பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வந்த துண்டு. பெறுபவர்: ஜகன்மோகினி ஆபீஸ், திருவல்லிக்கேணி. பெட்டியில் அம்மாவின் கடிதங்களோடு கிடந்ததாம், பக்கம் அடையாளம் வைக்க அளவாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டாராம். கையெழுத்து 'வை.மு.' என்று அழகாகத் தொடங்குகிறது. அதற்கு அடுத்த எழுத்தின் மேல் தபால்காரர் முத்திரையைக் குத்திவிட்டார்.

இங்கே ஒரு சிக்கல். வை.மு. என்பது அம்மாளுக்குக் கணவர் வீட்டு வழியாக வந்த முதலெழுத்து. கணவர் வை.மு. பார்த்தசாரதி. பத்திரிகைக்குத் துணையாக நின்றவரும் அவர்தான். முத்திரைக்கு அடியில் இருப்பது 'கோ' என்றால் அது பொக்கிஷம். 'பா' என்றால் கணவர் வாங்கிய சந்தாப் பணம். போன் விளக்கை அடித்தும் பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். 'கோ'வின் இரட்டைக்கொம்பு மாதிரி ஒன்று தெரிந்தது. அது முத்திரையின் விளிம்பாகவும் இருக்கலாம்.

"எதுவா இருந்தா என்ன, பணம் போய்ச் சேந்துச்சுல்ல" என்றார் பாட்டி.

"பாட்டி, இத எனக்குக் குடுத்துடுங்க. என்ன விலைன்னாலும் சொல்லுங்க."

"விலைக்கு என்ன பண்ணப் போறேன்? அது சரி, நீ வச்சிருக்கிறயே அத்தன புஸ்தகம், எத்தன படிச்ச?"

முதுகு விரிந்துவிடும் என்று பழைய பிரதிகளை நான் பாதிக்கு மேல் திறப்பதில்லை என்பதையும், ஈரப்பதம், கலிக்கோ, பசை பற்றியும் விரிவாக விளக்கினேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணும் படிக்கல" என்றார்.

ஒப்பந்தம் இதுதான்: என் கேபினெட்டிலிருந்து ஒரு நாவல், இருவரும் படிப்பது, பாட்டி கேள்வி கேட்பார். பாஸானால் ரசீது எனக்கு. பாட்டிக்குப் பழைய பிரதியே போனது, ஜிப்லாக் பையைப் பேத்தி அவளுடைய சாண்ட்விச்சுக்கு எடுத்துக்கொண்டாள். எனக்கு மறுபதிப்பு கிடைத்தது. வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் படித்து முடித்தேன், கதையும் விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஒரே ஒரு விஷயம், பேர்கள் ஏராளம்.

போன ஞாயிறு பரீட்சை. முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்னேன். இரண்டாவது கேள்வி: "அந்த வக்கீலுக்கு விஷயத்தச் சொன்னது யாரு?" நான் கதாநாயகியின் அண்ணன் என்றேன். அண்ணன் ஊரிலேயே இல்லையாம், அப்போது அவன் ரங்கூனில். பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரசீதை எடுத்து அடுத்த அத்தியாயத்தில் செருகிக்கொண்டார்.

மறுபரீட்சை வரும் ஞாயிறு. வரும்போது வேற ஒரு கோதைநாயகியும், பேத்திக்கு இன்னும் நாலு ஜிப்லாக்கும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.