ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்காமல் ஒன்பது சீசன்

ஃபுட்பால் மேனேஜர் என்பது ஒரு கால்பந்து கிளப்பை நாமே நடத்தும் கணினி கேம். அதில் மார்ச் மாதம் யூத் இன்டேக் திரை, அதாவது கிளப்பின் அகாடமிக்கு வருடா வருடம் வரும் புதிய பையன்களின் பட்டியல், திறந்தபோது 16 பையன்கள் இருந்தார்கள். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தேன், கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தேன், அப்புறம் ஆடும் இடத்தை வைத்து வரிசைப்படுத்தியும் பார்த்துவிட்டேன். கோல்கீப்பர் ஒருவன்கூட இல்லை. எங்கள் முதல் கோல்கீப்பருக்கு வயது 37, சீசன் முடிந்ததும் ஓய்வு பெறப் போவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். இரண்டாவது கோல்கீப்பர் போன கோடையில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். வெளியிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. அந்த விதியின் கனம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் ஆடுவது அதன் 2024 பதிப்பு. அடுத்த பதிப்பு ரத்து என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது, அதற்கடுத்தது வெளிவர நவம்பர் ஆகிவிட்டது, ஆக எங்களைப் போன்றவர்கள் கையில் இரண்டு வருடம் இந்த ஒரு பதிப்புதான் இருந்தது. அதற்குள் நான் வழக்கமாக ஆடும் விதத்தில் எல்லாவற்றையும் ஆடி முடித்திருந்தேன். வழக்கமான விதம் இந்த கேம் ஆடும் எல்லோருக்கும் தெரியும்: ஸ்கவுட்டுகளை உலகம் முழுக்க அனுப்பி, 17, 18 வயதில் இருக்கும் திறமைசாலிகளைத் தேடி, மலிவாக வாங்கி, மூன்று வருடம் வளர்த்து, பெரிய தொகைக்கு விற்று, அந்தப் பணத்தில் இன்னும் நல்ல ஆட்களை வாங்குவது. இப்படிப் பொறுமையாகச் செய்தால் சின்ன கிளப்பைக்கூட மேலே ஏற்றிவிடலாம். ஆனால் ஒரு நாள் பழைய சேவ் ஒன்றை, அதாவது சேமித்து வைத்த ஆட்டத்தை, திறந்து, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்ற என் அணியின் பதினொரு பேரைப் பார்த்தபோது பாதிப் பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. எங்கே பிடித்தேன், எப்போது வந்தார்கள், எதுவும் நினைவில்லை. அவ்வளவு மணிநேரம் உட்கார்ந்து ஆடிய ஆட்டம், அதில் ஜெயித்த ஆட்களையே மறந்துவிட்டேன் என்பது என்னை உண்மையிலேயே வருத்தியது.

இந்த கேமில் தனக்குத் தானே சவால் வைத்துக்கொள்வது புதிய விஷயம் இல்லை. ஐந்து கண்டங்களின் சாம்பியன் கோப்பைகளையும் ஒரே மேனேஜராக வெல்வது, சான் மரினோ மாதிரி ஒரு குட்டி நாட்டை உயர்த்திக் காட்டுவது, லீக்குகளின் ஆறாம் அடுக்கில் தொடங்கி கிளப் மாறாமல் உச்சிக்குப் போவது என்று பல வகை உண்டு. எனக்குத் தேவையாக இருந்தது உச்சியோ கோப்பையோ இல்லை, ஆட்களை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு ஆட்டம். அதற்கு, கிளப்பின் சொந்த அகாடமியில் வரும் பையன்களை மட்டும் வைத்து ஆடும் யூத் அகாடமி சவாலை விடப் பொருத்தமானது வேறு இல்லை.

விதிகளை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். யாரையும் வாங்கக் கூடாது, இலவசமாகக் கிடைப்பவரையும் எடுக்கக் கூடாது, வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக லோனிலும் கொண்டுவரக் கூடாது. தொடக்கத்தில் கிளப்பில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். பயிற்சியாளர்களை வெளியிலிருந்து எடுக்கலாம். போக வேண்டும் என்று ஒருவன் வந்து கேட்டால் மறிக்கக் கூடாது. கடைசியாக, எது நடந்தாலும் பழைய சேவைத் திறந்து திரும்ப ஆடக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் முக்கியம், ஏனென்றால் இன்டேக் நாளுக்கு முந்தைய நாள் சேவ் செய்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறு பையன்கள் வருவார்கள். பிடித்த பட்டியல் வரும் வரை திறந்துகொண்டே இருக்கலாம். அதைச் செய்துவிட்டால் மற்ற விதிகளுக்கு அர்த்தமே இல்லை.

தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் ஆறாவது அடுக்கு, நேஷனல் லீக் நார்த். 24 அணிகள், 46 ஆட்டங்கள், கடைசி நான்கு அணிகள் கீழே இறங்கும். கேமோடு வரும் டேட்டாபேஸில் இங்கிலாந்தில் விளையாடக்கூடிய கடைசிப் படி இதுதான், அதாவது இறங்கினால் சவாலே முடிந்தது. அணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர ஒப்பந்தக்காரர்கள். முதல் சீசன் இருந்த ஆட்களை வைத்து 14-ஆவது இடம், இரண்டாவது 18. அப்புறம் அந்தக் கோல்கீப்பர் இல்லாத வருடம்.

ஆள் பற்றாக்குறை வந்தால் கேமே சாம்பல் நிறத்தில் ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும். அவன் வளர மாட்டான், அவனோடு ஒப்பந்தம் போட முடியாது, இடத்தை நிரப்புவதற்காக மட்டும் வருபவன். அந்த மூன்றாவது சீசன் முழுக்க என் கோலைக் காத்தது அப்படி ஒரு சாம்பல் நிறப் பெயர். 46 ஆட்டங்களில் 91 கோல் வாங்கினோம். தூரத்திலிருந்து யார் அடித்தாலும் உள்ளே போனது. சென்டர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவர்கள், இரண்டு பேரையும் பின்னால் இழுத்துக் கோல் அருகிலேயே நிறுத்திப் பார்த்தேன், அதனால் நடுக்களம் காலியாகி இன்னும் அதிகம் அடி வாங்கினோம். கடைசியில் நான் செய்தது நேர் எதிரானது: அணியை மேலே தள்ளி, எதிரணி ஷாட் அடிக்கும் தூரத்துக்கே வரவிடாமல் நெருக்குவது. ஏழு கோல் ஆட்டங்கள் சாதாரணமாகிவிட்டன. 4-3, 3-4, 5-2. கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் தப்பிப்போம் என்ற நிலை, 87-ஆவது நிமிடத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் கார்னரில் தலையால் முட்டி 2-2 ஆக்கினான். 20-ஆவது இடம். அதற்கு ஒரு படி கீழே இருந்த அணி இறங்கியது.

அந்த நவம்பரில் ஒரு இரவை மறக்கவே மாட்டேன். கிளப் இல்லாத ஆட்களின் பட்டியலைத் திறந்து கோல்கீப்பர் என்று வடிகட்டியிருந்தேன். எங்கள் அடுக்குக்கு நன்றாகவே பொருந்தும் ஒருவர் இருந்தார், வயது 29, சம்பளம் கேட்டதும் குறைவு. ஒப்பந்தத் தாள் திரையில் தயாராக இருந்தது, ஒரே ஒரு கிளிக். யாருக்கும் தெரியப்போவதில்லை, கேட்கவும் யாரும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கடினமாக இருந்தது. கேம் போட்ட விதி என்றால் கேம் தடுத்திருக்கும், என்னுடைய விதியை நான் மட்டும்தான் தடுக்க முடியும். மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அன்றைக்கு நினைவுக்கு வந்தது ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் கிளப். பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டும்தான் ஆடுவார்கள் என்று நூறு வருடத்துக்கும் மேலாக வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை, லீக்கும் கேட்கவில்லை, அவர்களே வைத்துக்கொண்டது. அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதல் அடுக்கான லா லிகாவிலிருந்து ஒரு முறைகூடக் கீழே இறங்காத மூன்று கிளப்புகளில் அதுவும் ஒன்று, மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. 2024 ஏப்ரலில் மயோர்க்காவைப் பெனால்டியில் வென்று ஸ்பெயினின் கோப்பா தெல் ரே கோப்பையை எடுத்தபோது 40 வருடம் கழித்து அந்தக் கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது, அதன் கடைசிப் பெனால்டியை அடித்த பெரெங்கர் 2020-ல் இத்தாலியின் டொரினோ கிளப்பிலிருந்து வாங்கப்பட்டவர். நவார்ராவில் பிறந்தவர் என்பதால் அவர்களுடைய விதிக்குள் வருகிறார். ஆக அவர்கள் வாங்கவே மாட்டார்கள் என்று இல்லை, வாங்கும் வட்டம்தான் சின்னது. கேமிலும் கணினி நடத்தும் பில்பாவ் இந்த வழக்கத்தை விட்டு விலகாது. நிஜத்தில் ஒரு கிளப் இத்தனை வருடம் காப்பாற்றுவதை ஒரு சீசன்கூட என்னால் காப்பாற்ற முடியாதா என்று நினைத்துக்கொண்டேன், மறுநாள் அந்த வடிகட்டியை அழித்தேன்.

அடுத்த மார்ச்சில் அவன் வந்தான். கோல்கீப்பர், 16 வயது, உயரம் கம்மி, எட்டிக் குதிக்கும் திறன் 20-க்கு 9. ஆனால் மன உறுதி 17. சாம்பல் நிறப் பெயரைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தப் 17 எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

இது முழுக்க அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. வருகிற பையன்களின் தரத்தை நிர்ணயிப்பவற்றில் நம் கைக்கு எட்டுவது மூன்று: இளையோருக்கான வசதிகள், சிறுவர் பயிற்சி, திறமை தேடும் வலை. மூன்றையும் மேம்படுத்தச் சொல்லி கிளப் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பெரும்பாலும் பணம் இல்லை என்றுதான் பதில் வரும். நான்காவதாக ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. இளையோர் வளர்ச்சித் தலைவர் எப்படிப்பட்ட குணம் உள்ளவரோ அதன் சாயல் வருகிற பையன்களிடமும் விழும். இரண்டாவது சீசனிலேயே எங்களுடைய பழைய தலைவரை மாற்றி, பயிற்சித் திறமை குறைவாக இருந்தாலும் குணம் 'ப்ரொஃபஷனல்' என்று இருந்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தேன். நான் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான் என்பேன். பணம் பின்னால் வந்தது: ஐந்தாவது சீசனில், பெரிய கிளப்புகளும் சின்ன கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் இரண்டாம் தகுதிச் சுற்றிலிருந்து ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து மூன்றாம் சுற்றை அடைந்தோம், முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் அணிகள் நுழைவது அங்கேதான். ஆறு கோல் வாங்கித் தோற்றோம். டிக்கெட் பங்கில் வந்த பணம் அப்படியே சிறுவர் பயிற்சிக்குப் போனது.

ஒப்பந்தம் நீட்டித்த பழையவர்களில் கேப்டன் ஒருவர், 35 வயது, ஓடவே முடியாது. அவரை ஏன் வைத்திருக்கிறேன் என்று துணைப் பயிற்சியாளர் அறிக்கைக்கு அறிக்கை கேட்டார். வழிகாட்டல் குழு என்று கேமில் ஒன்று இருக்கிறது, மூன்று பேராவது சேர்ந்தால்தான் குழு, அதில் செல்வாக்குள்ள மூத்தவரின் குணம் கொஞ்சம் கொஞ்சமாக இளையவர்களுக்கு ஒட்டும். அவர் இரண்டு சீசனில் மொத்தம் 11 ஆட்டம்தான் ஆடினார். ஆனால் கோல்கீப்பர் பையனும் இன்னும் மூன்று பேரும் அவருடைய குழுவிலிருந்து வந்தவர்கள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்டேக் பட்டியலில் ஐந்து நட்சத்திரம் என்று பார்த்தால் மனம் துள்ளும், ஆனால் அது நம் அணியோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு, அதுவும் நம் பயிற்சியாளரின் கண் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான். மோசமான அணியில் ஐந்து நட்சத்திரம் வாங்குவது சுலபம். நான் வேகத்தையும் மன உறுதியையும் முதலில் பார்க்கப் பழகினேன். ஆறாம் அடுக்கில் வேகமாக ஓடும் பையனைப் பிடிக்க ஆள் கிடையாது.

இந்தச் சவாலில் எனக்கு மிகவும் கஷ்டமான நாள் தோற்ற நாள் இல்லை, பையன்களை விடுவிக்கும் நாள். வருகிற 16 பேரில் நான்கைந்து பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். முன்பெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே நொடியில் அனுப்பிவிடுவேன். இப்போது ஒவ்வொருவனாகத் திறந்து படிக்கிறேன். இடது ஓரத்தில் தடுக்கும் லெஃப்ட் பேக் கிடைக்காதா என்று ஒவ்வொரு வருடமும் தேடி, கிடைக்காமல், நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனை இரண்டு வருடம் அந்த இடத்துக்குப் பழக்கினேன். வலது காலன். இடது ஓரத்தில் பந்து கிடைத்தால் ஒரு கணம் நின்று உள்ளே திரும்புவான், அந்த ஒரு கணத்துக்குள் எதிரணி திரும்பி வந்துவிடும். ஆனாலும் 200 ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டான்.

பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போவதும் நடந்தது. இங்கிலாந்தில் 17 வயது ஆகும் வரை முழு ஒப்பந்தம் போட முடியாது. அந்த இடைவெளியில் மேலிருக்கும் கிளப் ஒன்று வந்து கேட்டால், வளர்த்ததற்கான சிறிய தொகையை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓரத்தில் ஓடித் தாக்கும் இடது கால் விங்கர் ஒருவன், நான் பார்த்ததிலேயே சிறந்தவன், பிறந்தநாளுக்கு 12 நாள் இருக்கும்போது போனான். இப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறான். வாரா வாரம் அவன் எத்தனை நிமிடம் ஆடினான் என்று பார்க்கிறேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பையனின் பிறந்த தேதியையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கத் தொடங்கினேன், பிறந்தநாள் அன்றே ஒப்பந்தம் போய்விடும்.

ஏழாவது சீசனில் ஆறாவது இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கான பிளேஆஃப் ஆட்டங்களுக்குப் போனோம். இந்த லீக்கில் அந்த இடத்திலிருந்து போகும் அணிக்குக் கிட்டத்தட்ட எல்லாமே வெளி மைதானம்தான். முதல் ஆட்டம் 1-0. அரையிறுதி பெனால்டிக்குப் போனது, உயரம் கம்மி என்று சொன்னேனே அந்தப் பையன், 20 வயது, இரண்டைத் தடுத்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டுதான் பார்த்தேன். இறுதியில் கூடுதல் நேரத்தில் தோற்றோம். அடுத்த வருடம் லீக்கையே முதலிடத்தில் முடித்து நேரடியாக ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்குக்கு ஏறினோம், அன்றைக்கு ஆடிய பதினொரு பேரும் எங்கள் இன்டேக்கில் வந்தவர்கள். யார் எந்த வருடம் வந்தான், அன்றைக்குப் பட்டியலில் எத்தனாவது வரியில் இருந்தான் என்று எல்லாம் பார்க்காமலே சொல்வேன்.

இப்போது ஒன்பதாவது சீசன், ஐந்தாம் அடுக்கில் 13-ஆவது இடத்தில் இருக்கிறோம். கோல்கீப்பர் ஜனவரியில் வந்து போக வேண்டும் என்று கேட்டான். விதி இருக்கிறது, மறிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் 18 வயதில் ஒருவன் தயாராக இருக்கிறான், இந்த முறை சாம்பல் நிறம் இல்லை. இந்த மார்ச் பட்டியலில் ஒன்பதாவது வரியில் ஒரு லெஃப்ட் பேக் இருந்தான், நிஜமான இடது காலன், வேகம் 14. பதினேழு ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.